‘மூன்று மடங்கு’ என்பதும் ‘சுமார்’ என்பதும்

மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலை மேலாளர், லாரி போக்குவரத்தைப் பார்ப்பவர், கணக்குப் பிரிவுக்காரர், விற்பனை மேலாளர், இருபது வருடங்களுக்கு மேல் குடோனிலேயே காலம் தள்ளிவிட்ட சூப்பர்வைசர். சென்னைக்கு வெளியே பெரிதாக ஒரு குடோன் எடுக்க வேண்டும். புரோக்கர்கள் காட்டிய இடங்களைக் கழித்துக் கழித்து இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்று வடக்கே ரெட்ஹில்ஸ் தாண்டி, இன்னொன்று தென்மேற்கே ஒரகடத்துக்குக் கிழக்கே. ஐவரின் கருத்தையும் வாங்கி, கணக்குப் போட்டு, எது மேல் என்று சொல்வதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே கேள்விக்கு இரண்டு முறைகளில் கணக்குப் போட்டேன். அந்த இரண்டு முறைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2017 ஜூலை 1-க்கு முன்னால் இந்தக் கூட்டத்துக்கே பெரிதாக வேலை இருந்திருக்காது. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கை விற்றால் மத்திய விற்பனை வரி 2 சதவீதம். அதையே சொந்தக் குடோனிலிருந்து அடுத்த மாநிலத்துச் சொந்தக் குடோனுக்கு மாற்றினால் அது விற்பனை ஆகாது, ‘எஃப்’ படிவம் போதும். ஆகவே மாநிலத்துக்கு ஒரு குடோன் என்று கம்பெனிகள் திறந்து வைத்திருந்தன. இடத்தை வரிச் சட்டம்தான் தேர்ந்தெடுத்தது, மனிதர்கள் வாடகைதான் பேசினார்கள். ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. பல சின்னக் குடோன்களை மூடிவிட்டுப் பெரிதாக ஒன்றிரண்டு வைத்தால் போதும் என்றாயிற்று. ஒன்றுதான் என்றால், அது தப்பான இடத்தில் அமைந்துவிட்டால் அடியும் பெரிது.

இரண்டு இடங்களுக்கும் தனித்தனி வக்கீல்கள் இருந்தார்கள். ரெட்ஹில்ஸ் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 16. ஆந்திராவுக்கு நேர் வழி, எண்ணூரின் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் பக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றால் பெங்களூரு போகும் நெடுஞ்சாலை 48, சுற்றிலும் கார் தொழிற்சாலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவர்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை இரண்டு பக்கத்தையும் இணைக்கிறது. ‘எங்கே வைத்தால் என்ன, ரிங் ரோட்டில் ஏறினால் ஆச்சு’ என்று விற்பனை மேலாளர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதி தண்ணீர். வடக்கே புழல், சோழவரம், கொசஸ்தலை ஆறு. தெற்கே செம்பரம்பாக்கம், மணிமங்கலம் என்று வரிசையாக ஏரிகள், அவற்றின் உபரி நீரைச் சுமக்கும் அடையாறு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதற்குப் பிறகு சென்னையில் குடோன் எடுப்பவர் எவரும் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. யாரைக் கேட்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முதல் முறை தாமஸ் சாட்டியினுடையது. மோசுல் நகரில் பிறந்த கணிதக்காரர். 1960-களில் அமெரிக்க அரசின் ஆயுதக் குறைப்பு முகமையில் வேலை பார்த்தபோது, பெரிய அறிஞர்களும் வழக்கறிஞர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்தும் ஒருவர் முன்னுரிமை இன்னொருவருக்குப் புரியாமல் போவதைக் கண்டவர். ஏ.எச்.பி. என்ற அவருடைய முறை 1980-இல் புத்தகமாக வந்தது. அதன் அடிப்படை நம் ஊர்த் தராசுதான். எதையும் தனியாக மதிப்பிடச் சொல்லாது. இரண்டிரண்டாகத் தட்டில் வைக்கச் சொல்லும். வாடகை முக்கியமா, போக்குவரத்து முக்கியமா? எத்தனை மடங்கு? சமம் என்றால் 1, எல்லைமீறி முக்கியம் என்றால் 9, இடையில் உள்ளவை இடையில்.

இரண்டாவது முறையின் வேர் லாட்ஃபி ஜாதேயிடம் இருக்கிறது. பாகூவில் பிறந்து பெர்க்லியில் பேராசிரியராக இருந்தவர். 1965-இல் அவர் எழுதிய கட்டுரைதான் ஃபஸ்ஸி கணக்கின் தொடக்கம். ‘உயரமானவர்’ என்ற சொல்லுக்கு ஆறடியில் கோடு கிழித்து உள்ளே, வெளியே என்று பிரிக்க முடியாது. ஒருவர் கொஞ்சம் உயரம், இன்னொருவர் நல்ல உயரம் என்று படிப்படியாகத்தான் அந்தச் சொல் பொருந்தும் என்பது அவர் வாதம். இதை இடத்தேர்வுக்குக் கொண்டுவந்தவர்களில் சென்-டுங் சென் குறிப்பிடத்தக்கவர். ஹுவாங்கும் யூனும் 1981-இல் தந்த டாப்சிஸ் என்ற தரவரிசை முறையை 2000-இல் அவர் ஃபஸ்ஸி எண்களுக்கு விரித்தார். அதில் குழுவில் உள்ளவர்கள் எண் சொல்ல வேண்டியதில்லை, சொல் சொன்னால் போதும். மிக மோசம், மோசம், கொஞ்சம் மோசம், சுமார், பரவாயில்லை, நல்லது, மிக நல்லது என்று ஏழு சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் மூன்று எண்கள் இருக்கும்: குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம். ‘சுமார்’ என்றால் 3, 5, 7. ‘நல்லது’ என்றால் 7, 9, 10. எல்லா வகையிலும் சிறந்ததாக ஓர் இடத்தைக் கற்பனை செய்து, ஒவ்வொரு இடமும் அதற்கு எவ்வளவு அருகில், மோசத்துக்கு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று அளப்பதுதான் மிச்சம்.

சாட்டியும் ஜாதேயும் 2017-இல், சில வாரங்கள் இடைவெளியில் காலமானார்கள். நம் குடோன்களை ஜிஎஸ்டி இடம்பெயர்த்த அதே ஆண்டு. இதில் அர்த்தம் ஒன்றுமில்லை. ஆனால் கூட்டத்துக்குப் போகும் வழியில் எனக்கு நினைவுக்கு வந்தது.

தராசு முறையில் முதலில் மாட்டியவர் விற்பனை மேலாளர். போக்குவரத்து வாடகையைவிட 3 மடங்கு முக்கியம் என்றார். வாடகை வெள்ள ஆபத்தைவிட 3 மடங்கு என்றார். அப்படியானால் போக்குவரத்து வெள்ளத்தைவிட 9 மடங்கு இருக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து அந்த ஜோடி வந்தபோது, ‘ரெண்டும் சமம்தான்’ என்றார். சாட்டியின் முறைக்குள் ஒரு சோதனை இருக்கிறது. பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று ஒரு விகிதம் வரும், அது 0.10-க்குள் இருந்தால் ஏற்கலாம். இவருக்கு 0.48 வந்தது.

“நான் சொன்னதை மாத்தச் சொல்றீங்களா சார்?” என்றார் சற்று சூடாக.

“மாத்தச் சொல்லல சார். மூணும் ஒண்ணா நிக்காது. எது தவறிப்போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். வாடகையையும் வெள்ளத்தையும் ஒப்பிட்டபோது மாதாமாதம் கட்டும் பணம் மனதில் இருந்ததாம். போக்குவரத்தையும் வெள்ளத்தையும் ஒப்பிட்டபோது தீபாவளிச் சரக்கு நனைந்து, டீலர்கள் போன் மேல் போன் போடும் காட்சி வந்ததாம். வாடகையைவிட வெள்ளம்தான் 3 மடங்கு, தலைகீழாகச் சொல்லிவிட்டேன் என்றார். மாற்றியதும் முரண் விகிதம் பூஜ்யமானது.

இந்த இடத்தில்தான் அந்த முறையின் அருமையும் வில்லங்கமும் சேர்ந்தே தெரிகின்றன. அவர் இன்னொரு விதமாகவும் தப்பித்திருக்கலாம். முதல் இரண்டு பதில்களையும் அப்படியே விட்டு, ‘சமம்’ என்றதை மட்டும் ‘5 மடங்கு’ என்று திருத்தியிருந்தால் விகிதம் 0.03. அதுவும் பாஸ்தான். ஆனால் முதல் திருத்தத்தில் வெள்ள ஆபத்துக்குக் கிடைக்கும் எடை 43 சதவீதம். இரண்டாவதில் 10 சதவீதத்தை ஒட்டித்தான். ஒருவர் பேச்சில் முரண் இருக்கிறதா என்று சோதனை சொல்லும், அவர் பேசுவது சரியா என்று சொல்லாது. கணினியில் சிவப்பு எழுத்து மறைகிற வரைக்கும் எண்ணைத் தட்டிக்கொண்டே இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஐந்து அம்சங்கள் என்றால் ஒருவருக்குப் பத்து ஜோடி, ஏழு என்றால் இருபத்தொன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஃபஸ்ஸி படிவத்தில் இந்தச் சண்டையே வரவில்லை. ஆளுக்கு ஒரு தாள், ஏழு சொற்களில் ஒன்றுக்கு டிக். இருபது நிமிடத்தில் முடிந்தது. தராசில் திணறிய சூப்பர்வைசர் இதில் சரளமாகப் போனார். ‘எத்தனை மடங்கு’ என்று யாரும் குடோனில் பேசுவதில்லை. ‘அந்த ரோடு சுமார்தான், மழை வந்தா மோசம்’ என்றுதான் பேசுகிறார்கள். தெரிந்தவர் தெரிந்த மொழியில் சொல்வதைக் கணக்கு ஏற்றுக்கொள்கிறது என்பது சின்ன விஷயமல்ல. கூடவே, தாளில் எழுதியதால் தொழிற்சாலை மேலாளர் என்ன சொல்வார் என்று எவரும் முகம் பார்க்கவில்லை. தராசு முறையை நான் வாயால் கேட்டு நடத்தியது என் பிழை. மேலாளர் முதலில் 7 என்றதும் அடுத்த இரண்டு பேரும் 7 என்றார்கள். அது சாட்டியின் தவறல்ல.

ஆனால் சொற்கள் சுலபமாக வந்தது போலவே சுலபமாகக் கடந்தும் போய்விட்டன. விற்பனை மேலாளர் தன் முரணைத் தானே கண்டுபிடித்தது போன்ற ஒரு கணம் இந்த முறையில் வருவதற்கு வழியே இல்லை. அம்சங்களின் முக்கியத்துவத்தைக் கேட்ட பகுதியில் ‘வாடகை: மிக முக்கியம், போக்குவரத்து: மிக முக்கியம், வெள்ளம்: மிக முக்கியம்’ என்று எல்லாவற்றுக்கும் உச்சத்தில் டிக் அடித்துவிட்டுப் போகலாம்; போனார்கள். எல்லாம் மிக முக்கியம் என்றால் எதுவும் முக்கியமில்லை என்று தட்டிக் கேட்க அந்தக் கணக்குக்கு வாயில்லை.

இரண்டையும் கலந்து ஃபஸ்ஸி ஏ.எச்.பி. என்று ஒன்று 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சாட்டிக்கு அது பிடிக்கவில்லை. என் 1 முதல் 9 வரையிலான எண்களே தோராயமானவைதாம், தோராயத்துக்கு மேல் தோராயம் எதற்கு என்ற தொனியில் 2007-இல் டிரான் என்பவரோடு சேர்ந்து கட்டுரையே எழுதினார். ஆராய்ச்சி இதழ்களில் அந்தக் கலவைக்கு இன்றும் மவுசு குறையவில்லை. எனக்குச் சாட்டி பக்கம்தான் சாய்வு. சண்டை போட வைப்பதுதான் அந்தத் தராசின் பயன். அதன் முனையை மழுக்கிவிட்டால் எடை போடும் சிரமம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி குழு. ஐந்து பேர் சொன்னதை ஒன்றாக்குவது எப்படி? தராசு முறையில் பெருக்கல் சராசரி எடுக்க வேண்டும், கூட்டல் சராசரி ஒத்துவராது. ஒருவர் வெள்ளம் வாடகையைவிட 9 மடங்கு என்கிறார், இன்னொருவர் வாடகைதான் வெள்ளத்தைவிட 9 மடங்கு என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாதியாக்கினால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது மற்றதைவிட நாலரை மடங்கு என்று வரும், அபத்தம். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வரும், அதாவது சமம். கணிதம் ஒழுங்காகிவிட்டது. ஆனால் அந்த 1-ஐப் பாருங்கள். ஜென்மப் பகையில் நிற்கும் இருவரும், ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று ஒத்துப்போகும் இருவரும் தாளில் ஒரே எண்ணாகிவிட்டார்கள்.

ஃபஸ்ஸியில் நடந்தது இதைவிட மோசம். ஒரகடம் பக்கத்து இடத்துக்கு, வெள்ளப் பாதுகாப்பு என்ற கட்டத்தில் நான்கு பேர் ‘நல்லது’ போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் ‘மிக மோசம்’. அதன் எண்கள் 0, 0, 1. ரெட்ஹில்ஸ் இடத்துக்கு ஐவருமே ‘பரவாயில்லை’, அதாவது 5, 7, 9. சென் 2000-இல் சொன்னபடி மூன்று எண்களுக்கும் தனித்தனியே சராசரி எடுத்தேன். ஒரகடத்துக்கு 5.6, 7.2, 8.2. கிட்டத்தட்ட அதுவும் ‘பரவாயில்லை’தான். இந்தக் கட்டத்தை மட்டும் தனியே எடுத்து, 10-ஐ உச்சமாக வைத்து அளந்தால் ஒரகடத்துக்கு 0.69, ரெட்ஹில்ஸுக்கு 0.68. ஒருவர் ‘மிக மோசம்’ என்று அலறிய இடம், எல்லோரும் பரவாயில்லை என்ற இடத்தைவிட நூலிழை மேலே.

அதே ஐந்து தாள்கள்தான். சேர்க்கும் விதத்தை மட்டும் மாற்றினேன். குறைந்தபட்சத்துக்குக் குழுவிலேயே குறைந்தது, அதிகபட்சத்துக்குக் குழுவிலேயே கூடியது, நடுவுக்கு மட்டும் சராசரி என்று இன்னொரு வழி இருக்கிறது. அதன்படி ஒரகடம் 0, 7.2, 10. மூன்று எண்களையும் வரைந்தால் வரும் முக்கோணம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரிந்துவிட்டது. மதிப்பெண் 0.54-க்கு விழுந்தது. ரெட்ஹில்ஸ் அதே 0.68. ஆக, எந்த இடம் மேல் என்று முடிவு செய்தது ஐந்து பேருமில்லை, சாட்டியோ ஜாதேயோ இல்லை. எந்தச் சராசரி என்று எக்செல்லில் நான் சொடுக்கிய ஒரு பட்டன். இதை அறிக்கையில் எழுதினால் அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும், எழுதினேன்.

விரிந்த முக்கோணத்தில் ஒரு நன்மை உண்டு. அது கண்ணை உறுத்தும். யாரோ ஒருவர் மற்றவர்களுக்குத் தெரியாத எதையோ தெரிந்து வைத்திருக்கிறார் என்று கை காட்டும். தராசு முறையின் 1-க்கு அந்த நாணயம்கூட இல்லை.

‘மிக மோசம்’ போட்டது சூப்பர்வைசர். பெயர் எழுதாத தாள்தான், ஆனாலும் அவர் டிக் போடும் விதம் எல்லோருக்கும் தெரியும். 2015-இல் வரதராஜபுரம் பக்கம் ஒரு குடோனில் இருந்தவர் அவர். லோடு ஏத்துற டாக் நாலடி உயரம், அதுக்கு மேல தண்ணி வராதுன்னு நினைச்சோம் என்றார். ராத்திரியோடு ராத்திரியாகக் கீழ் மூன்று அடுக்கு மூட்டை போய்விட்டது. “மழைத் தண்ணி இல்ல சார் அது. ஏரிக் கலங்கல்ல இருந்து வந்த தண்ணி. வாசப்பக்கமா வரல, பின்னாடி காம்பவுண்ட உடைச்சிட்டு வந்துச்சு.”

நல்லது போட்ட நால்வரையும் எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். மூவர், புரோக்கர் சொன்னார் என்றார்கள். நான்காமவர், தொழிற்சாலை மேலாளர் சொன்னதைக் கேட்டு எழுதியிருந்தார். மேலாளருக்குச் சொன்னதும் அதே புரோக்கர்தான். நான்கு ஓட்டு என்று கணக்கு எண்ணியது, ஒரே புரோக்கரின் ஒரு ஓட்டு நான்கு முறை விழுந்தது. குழு முடிவு தனிமனித முடிவைவிட மேல் என்று நாம் நம்புவதற்குக் காரணமே, ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்திருப்பார்கள் என்பதுதான். எல்லோரும் ஒரே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தால் ஐந்து பேர் எதற்கு? இரண்டு முறைகளிலும் இதைக் கேட்கும் கேள்வி இல்லை.

இன்னொரு குறையும் இரண்டுக்கும் பொது. ஃபஸ்ஸி எண் கையாள்வது சொல்லின் நிச்சயமின்மையை. ‘நல்லது’ என்றால் 7-ஆ 10-ஆ என்ற தயக்கத்தை அது மதிக்கிறது. ஆனால் அடுத்த பத்து வருடத்தில் 2015 மாதிரி ஒரு டிசம்பர் வருமா என்பது சொல்லின் மயக்கமல்ல, வானத்தின் கணக்கு. வந்தால் முழுதாக வரும், வராவிட்டால் ஒன்றுமே இல்லை. நடுவில் ‘சுமாராக’ வராது. அதற்கு, மழை வந்த ஆண்டில் ஒவ்வொரு இடமும் எவ்வளவு நஷ்டப்படுத்தும், வராத ஆண்டில் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று தனித்தனியாக எழுதிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மேலும் இரண்டுமே ஈடுகட்டும் முறைகள். வாடகை சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைந்தால், அந்த மிச்சம் வெள்ளத்தின் மதிப்பெண்ணைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடும். முதலில் சல்லடை, பிறகுதான் தராசு என்று வைத்திருந்தால், தண்ணீர் நிற்கும் இடம் தட்டுக்கே வந்திருக்காது. இன்னொரு இடத்தைப் பட்டியலில் சேர்த்தாலே பழைய இரண்டின் வரிசை புரண்டுபோவதும் உண்டு. ஏ.எச்.பி.யில் அப்படி நடப்பதை பெல்டனும் கியரும் 1983-இலேயே காட்டிவிட்டார்கள்; டாப்சிஸும் விதிவிலக்கல்ல.

மறுநாள் ஐவரும் நானும் ஒரு வேனில் ஒரகடம் பக்கம் போனோம். புரோக்கர் முன்வாசலைக் காட்டிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பின்பக்கம் நடந்தார். ஏரியின் கலங்கலிலிருந்து வந்த வாய்க்கால் அங்கே மண்ணடித்து மேடாகியிருந்தது. சாலையைக் கடக்கும் இடத்தில் இரண்டு சிமென்ட் குழாய். ஒன்றின் வாயில் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. ஏரித் தண்ணீர் முழுவதும் இந்தக் குழாய் வழியாகவா போகும் என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்து படிவத்தை மறுபடியும் கொடுத்தேன். இம்முறை ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தேன். ‘கேட்டது’, ‘பேப்பரில் பார்த்தது’, ‘நேரில் பார்த்தது’ என்று எழுத ஆரம்பித்தவர்கள், பாதிக்கு மேல் தயங்கினார்கள். கணக்குப் பிரிவுக்காரர் மூன்று கட்டங்களில் டிக்கே அடிக்காமல் ‘தெரியாது’ என்று எழுதியிருந்தார். ஏழு சொற்களில் அந்தச் சொல் கிடையாது. அதற்கு மூன்று எண்கள் தரும் அட்டவணையும் கிடையாது. ‘சுமார்’ என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் சார், தெரியாதுன்னா தெரியாதுதான் என்றார். அந்த மூன்றையும் வெற்றாகவே விட்டு மற்றவற்றைச் சேர்த்தேன்.

முடிவில் ரெட்ஹில்ஸ் இடத்துக்கு அட்வான்ஸ் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது குடோன் தரை நனையவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் அப்ரோச் ரோடு மட்டும் மூழ்கிப்போனது. லோடு ஏற்றிய லாரிகள் இரண்டு நாள் வாசலிலேயே நின்றன. அந்த முந்நூறு மீட்டர் ரோட்டுக்குத் தராசிலும் தட்டு வைக்கவில்லை, படிவத்திலும் கட்டம் போடவில்லை.